புதைத்த மைல்கற்கள்

இங்கிலாந்தின் சுங்கச் சாலைகளில் மைல்கற்களை நடுதல் 1767 முதல் கட்டாயமாயிற்று. ஊரின் பெயரையும் தொலைவையும் வணிகனுக்கும் வழிப்போக்கனுக்கும் அவை வேறுபாடின்றி உரைத்தன. வருபவன் யாரென்று கல் ஆராய்வதில்லை. அதனாலேயே 1940-இல் ஜெர்மானியப் படையெடுப்புக்கு அஞ்சி, அவற்றுள் பலவற்றை மண்ணில் புதைத்தனர். சிலவற்றின் எழுத்துகளைச் சிதைத்தனர்.

பகைவனுக்கு வழிகாட்டும் உண்மையை மறைப்பது குற்றமாகுமா? தீங்கில்லாத நன்மை விளையுமெனில் பொய்யையும் ஏற்றார் வள்ளுவர். அவ்வழியில் நாமும் குற்றமன்று என்போம்.

ஆயினும் போர் ஓய்ந்தபின் பல கற்கள் மீண்டும் நிறுவப்பட்டன, சில திரும்பவேயில்லை. ஆபத்துக் காலத்தில் உண்மையைப் புதைப்பவர், ஆபத்து நீங்கியதும் அதனைத் தோண்டியெடுக்கும் கடனையும் ஏற்கின்றனர். அக்கடனை நாம் மறப்போமாயின், பகைவனுக்கு அஞ்சி மறைத்த வழி நம் பிள்ளைகளுக்கும் மறைந்தே போகும்.