கேளாத குறையைச் சொல்ல வேண்டுமா?

சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூரை நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும் டயர்க் கடைகளும் வாகனக் கடன் கொடுக்கும் நிறுவனங்களும் பெருகிக் கிடக்கும் இந்தப் பிரதேசத்தில், வண்டியைப் பற்றிய ஞானம் ஜனங்களுக்குப் பால்யத்திலேயே வாய்த்துவிடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. ஆயினும், ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ, கோழிப்பண்ணைக் கணக்குப்பிள்ளையோ, சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டு லட்ச ரூபாயை மடியில் கட்டிக்கொண்டு, மனைவி மக்களோடு கல்யாணம் காட்சிக்குப் போய்வரப் பழைய ஆல்ட்டோவோ, வேகன்-ஆரோ, ஸான்ட்ரோவோ ஒன்றைத் தேடிப் புறப்படும்போது, அந்த ஞானம் முழுவதும் இரும்பைத் தட்டிப் பார்க்க உதவுமேயன்றி, இரும்பை விற்கிறவன் நெஞ்சில் இருப்பதைத் தட்டிப் பார்க்க உதவுவதில்லை. வாங்குகிறவன் கேளாத குறையை விற்கிறவன் தானாக முன்வந்து சொல்லக் கடமைப்பட்டவனா என்ற பழைய தர்ம விசாரம் அங்கேதான் தொடங்குகிறது.

வாங்கிய மூன்றாம் மாதம் வண்டி நடுவழியில் நின்று, பழைய சொந்தக்காரரிடம் போய் முறையிட்டால், நம் பக்கத்தில் வருகிற பதில் மரியாதையானது. "ஏனுங்க, நீங்க அதைக் கேக்கவே இல்லீங்களே! கேட்டிருந்தா நான் பொய்யா சொல்லப் போறனுங்க?" என்பார். அவர் சொல்வது உண்மையும்கூட. அவர் பொய் சொல்லவில்லை.

இந்தப் பதிலுக்குச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, வெறும் மௌனம் பொதுவாக மோசடியாகாது என்று கூறிவிட்டு, அதற்குக் குதிரையை உதாரணமாகக் காட்டுகிறது. கோளாறுள்ள குதிரை என்று தெரிந்திருந்தும் ஏலத்தில் வாய்திறவாமல் ஒருவன் விற்றால், அது மோசடியன்று. ஆனால் வாங்குகிறவள் அவனுடைய மகளாக, அப்போதுதான் மேஜர் வயதை எட்டியவளாக இருந்தால், அந்த உறவே அவனைச் சொல்லக் கடமைப்பட்டவனாக்குகிறது என்று அடுத்த உதாரணம் பேசுகிறது. அந்நியனிடம் மௌனம் சாதிக்கலாம், மகளிடம் கூடாது என்று சட்டம் வகுத்த இந்த எல்லைக்கோடு, சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம். சமயம் என்று ஒன்று உலகத்தில் தோன்றியதே, இந்த எல்லைக்கோட்டை எவ்வளவு தூரம் நகர்த்தலாம் என்று பார்ப்பதற்காகத்தானோ என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு.

ரோமாபுரியின் ஸிஸரோ, கி.மு. 44-இல் எழுதிய கடமைகளைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில், ஸ்டோயிக் மதத்து ஞானிகளான பாபிலோன் டயோஜனிஸும் அவருடைய சீடர் ஆன்டிபேட்டரும் இதே விஷயத்தில் கொண்ட அபிப்பிராய பேதத்தை விஸ்தாரமாக எடுத்துரைக்கிறார். உத்திரமெல்லாம் உளுத்துப்போன, நோய்க்கு இடமான ஒரு வீட்டை ஒருவன் விற்கிறான். குறைகள் அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. உன்னை வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லையே, சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது குருவின் வாதம். மனிதர் யாவரும் ஒரே சமூகமாகப் பிறந்திருக்க, உன் நன்மையும் அவன் நன்மையும் வேறாவது எப்படி என்பது சீடரின் கேள்வி. ஸிஸரோ சீடர் பக்கம் சாய்ந்தார்.

நானும் அப்பக்கமே சாய்கிறேன். ஆனால் முழுவதும் அல்ல. கண்ணுள்ளவன் காணக்கூடியதைச் சொல்லாமலிருப்பதை நான் குற்றமாக எண்ணவில்லை. கதவோரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் பிய்த்துப் பார்த்தால், கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் ஒரே சீரான இடைவெளியில் வட்டவட்டமாக இருக்கின்றனவா, அல்லது டிங்கர் வேலையில் அவை மறைந்துபோய்ப் பட்டியும் பெயிண்டும் பூசிக் கிடக்கிறதா என்பது தெரிந்துவிடும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அடித்தகட்டைப் பார்த்தால், பின்னாலிருந்து இடி வாங்கிய வண்டியில் தகடு மடிந்து நிமிர்ந்த சுருக்கம் கையில் தட்டுப்படும். ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டில், ஒன்று மட்டும் வேறு வருஷத்தைக் காட்டுமானால், அது ஏன் மாற்றப்பட்டது என்று கேட்க வேண்டியது வாங்குகிறவன் பொறுப்பு. இவ்வளவையும் பாராமல், நிறம் பளபளக்கிறது என்று முன்பணம் கொடுப்பவன் விஷயத்தில் டயோஜனிஸ் பேசியதே நியாயம்.

ஆனால் மழைக்காலத்தில் மட்டும் தலைகாட்டும் கோளாறு இருக்கிறது. நீண்ட தூரம் ஓடிய பிறகே சூடேறி நின்றுபோகும் இன்ஜின் இருக்கிறது. அவற்றை அந்த வண்டியோடு நாலு வருஷம் குடித்தனம் நடத்தியவன் ஒருவனே அறிவான். அவனுக்கு மட்டுமே தெரிந்ததை அவன் வாயில் பூட்டி வைத்துக்கொள்ளும்போது, வாங்குகிறவனின் விவேகத்துக்கு அங்கே வேலையே இல்லாமல் போகிறது.

இவ்விடத்தில் நம்முடைய சமய நூல்கள் செய்திருக்கும் ஒரு வகைப்பாடு மிகவும் விசேஷமானது. சமண ஆசாரியர் உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், ஏழாம் அத்தியாயத்தில், இல்லறத்தார் விரதங்களுக்கு நேரும் குற்றங்களை எண்ணும்போது, குறைந்த அளவையால் அளப்பதையும் போலிச் சரக்கை நல்ல சரக்காகத் தள்ளுவதையும் வாய்மை விரதத்தின் கீழ் வைக்கவில்லை. கள்ளாமையின் கீழ் வைக்கிறது. லட்சத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் மீட்டரை நாற்பத்தையாயிரத்துக்குத் திருப்பி வைப்பது, இந்தக் கணக்கில், பொய்யன்று, திருட்டு. (மீட்டரைத் திருத்துகிறவர்கள் பிரேக் பெடலின் ரப்பரை மாற்ற மறந்துவிடுவதுண்டு. தேய்ந்து மழமழவென்று ஆகிவிட்ட அந்த ரப்பர் மீட்டருக்கு எதிர்ச்சாட்சி சொல்லும்.) திருவள்ளுவரும் வாணிகருக்கென்று சொன்ன குறளை வாய்மை அதிகாரத்தில் சேர்க்காமல், நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதியிலே வைத்தார், பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பது அதன் கருத்து. ஆகவே, "நான் பொய் சொல்லவில்லை" என்கிறவர், தம்மேல் யாரும் சாட்டாத குற்றத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கேள்வி, அவர் நாக்கு என்ன செய்தது என்பதன்று. துலாக்கோல் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதே.

அந்தச் சாய்வின் விளைவு ரூபாயோடு நிற்பதுமில்லை. இப்படி வாங்கிய வண்டியில்தான் அந்த வாத்தியார் ஆடிப்பெருக்குக்கு அறப்பளீசுவரரைத் தரிசிக்கக் குடும்பத்தோடு கொல்லிமலைக்குப் போவார். காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும்போது பிரேக்கை நம்பியே அத்தனையையும் திரும்ப வேண்டும். பிரேக் ஆயில் கசிகிறது என்று தெரிந்திருந்தும் விற்றவன், பின் இருக்கையில் அவருடைய மகள் உட்கார்ந்திருப்பாள் என்பதை நினைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவன் இல்லையா? சட்டத்தின் உதாரணத்தில் வந்த மகளுக்கும் இந்த மகளுக்கும், அவள் வேறொருவருடைய மகள் என்பதைத் தவிர, என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப், 1970-இல் பழைய கார்ச் சந்தையையே உதாரணமாகக் கொண்டு எழுதிய கட்டுரை, இந்த மௌனத்தின் இன்னொரு பலியைக் காட்டிற்று. நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதபோது வாங்குகிறவர்கள் எல்லா வண்டிக்கும் சராசரி விலையே கொடுக்க முன்வருகிறார்கள்; அந்த விலைக்குக் கொடுக்க மனம் வராமல் நல்ல வண்டிக்காரர் ஒதுங்க, சந்தையில் குப்பையே மிஞ்சுகிறது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வண்டியைக் குழந்தைபோல் வைத்திருந்தவர், யாரோ மறைத்த குறைக்கு இருபதாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ள வேண்டியிருப்பது எந்தத் தர்மத்தில் சேர்த்தி?

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஒருவர் நேர்மையாகத் தம் வண்டியின் குறையைச் சொன்னவுடன், அதையே பிடித்துக்கொண்டு விலையை அடிமாட்டு விலைக்கு இழுப்பது நம்மிடம் சகஜமாகிவிட்டது. வாய்திறந்தவனைத் தண்டித்துவிட்டு, பிறகு ஏன் எல்லாரும் வாய்மூடியிருக்கிறார்கள் என்று அங்கலாய்ப்பதில் அர்த்தமில்லை. சொன்ன குறைக்குப் பட்டறையில் ஆகும் செலவை மட்டும் கழித்துக்கொண்டு, சொன்னதற்கு நன்றியும் கூறுங்கள். சொல்லாதவரிடம், 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்தாவதற்கு முன், நாலு பேர் அறிய, "நீங்கள் மறுத்துச் சொல்லாவிட்டால் மறைவான பழுது எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன்" என்று கூறிவிட்டுச் சற்றுப் பொறுத்திருங்கள். அதே 17-ஆம் பிரிவின் மூன்றாம் உதாரணப்படி, அதற்குப் பிறகு அவர் காக்கும் மௌனம் பேச்சுக்குச் சமானம்.