பால் ஊறவில்லை என்று அழும் தாயும், பதில் சொல்ல வேண்டிய வீட்டாரும்

(ஜும்ஆ பயான்)

 

  

போன வாரம் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு இளைஞர் காத்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கையில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"ஹஜ்ரத், இதுல ஓதி ஊதித் தாங்க. குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகுது. வீட்ல பாலே ஊறல. கண்ணு பட்டிருக்கும்னு அம்மா சொல்றாங்க."

ஓதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "தம்பி, உங்க வீட்ல இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?" தெரியவில்லை. "ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினாங்க?" அதுவும் தெரியவில்லை. "யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

தலையைக் குனிந்துகொண்டார். "அம்மா தினமும் சொல்றாங்க ஹஜ்ரத். எனக்கு அஞ்சு புள்ளைக்கும் பால் வழிஞ்சுது, இவளுக்கு மட்டும் என்ன வந்துச்சுன்னு. நேத்து நானும் கோபத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

அன்று இரவே இந்த வார பயானின் தலைப்பை முடிவு செய்துவிட்டேன்.

இதையெல்லாம் மிம்பரில் பேசலாமா என்று யாரும் நெளிய வேண்டாம். பாலூட்டுவதைப் பற்றி அல்லாஹ் தன் வேதத்திலேயே பேசுகிறான். எத்தனை காலம், செலவு யார் பொறுப்பு, நிறுத்துவதென்றால் எப்படி, வேறொரு பெண்ணிடம் கொடுக்கலாமா என்று அத்தனையும் சொல்கிறான். குர்ஆன் பேசுவதைப் பேச நமக்கென்ன வெட்கம்?

ஹலீமா அம்மையார் வீட்டில் நடந்தது

பால் குறைவு என்பது இன்று நேற்று வந்த பிரச்சனை அல்ல. நம் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய ஹலீமா ஸஅதிய்யா (ரலி) அவர்களுக்கே அந்தச் சோதனை இருந்தது. இப்னு இஸ்ஹாக் (ரஹ்) போன்ற வரலாற்று ஆசிரியர்கள் அவர் சொன்னதாகவே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

அது பஞ்ச காலம். பனூ ஸஅத் கூட்டத்துப் பெண்கள் பாலூட்டக் குழந்தைகளைத் தேடி மக்காவுக்கு வருகிறார்கள். ஹலீமாவும் கணவர் ஹாரிஸும் ஒரு மெலிந்த கழுதையோடும், சொட்டுப் பால் தராத ஒரு கிழட்டு ஒட்டகத்தோடும் வருகிறார்கள். அவர்களின் கைக்குழந்தை பசியில் இரவெல்லாம் அழுகிறது, யாருக்கும் தூக்கமில்லை. அந்தப் பிள்ளைக்குப் போதுமான பால் தன் மார்பில் இருக்கவில்லை என்று ஹலீமாவே சொல்கிறார்.

தந்தையில்லாத குழந்தை என்பதால் மற்ற பெண்கள் எடுக்கத் தயங்கிய நம் நாயகத்தை ஹலீமா எடுத்துக்கொண்டார். இதனால் அல்லாஹ் நமக்கு பரக்கத் செய்யக்கூடும் என்று கணவரும் சம்மதித்தார். அந்த இரவு இரண்டு குழந்தைகளும் வயிறு நிறையக் குடித்துத் தூங்கின. ஹாரிஸ் எழுந்து ஒட்டகத்திடம் போனார், மடி நிறைந்திருந்தது. கறந்தார். தானும் குடித்தார், மனைவிக்கும் கொடுத்தார். இருவரும் வயிறாரக் குடித்தார்கள்.

நாம் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது முஃஜிஸாவை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தக் கணவரையும் கொஞ்சம் பாருங்கள். பிள்ளை இரவெல்லாம் அழுகிறது, மனைவியிடம் பால் இல்லை. "உனக்கு ஏன் ஊறவில்லை" என்று ஹாரிஸ் கேட்டதாக அந்த அறிவிப்பில் ஒரு வார்த்தை இல்லை. பால் கிடைத்ததும் அவர் எழுந்துபோய்க் கறந்து, பாலூட்டும் மனைவிக்குக் கொடுத்தார் என்பதுதான் இருக்கிறது.

அந்த வசனத்தில் பொறுப்பு யார் மீது?

அல்பகரா அத்தியாயத்தின் 233ஆவது வசனத்தைப் பாருங்கள். பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகள் என்று அல்லாஹ் காலத்தைச் சொல்கிறான். அதே மூச்சில் தந்தையின் பக்கம் திரும்புகிறான்: அந்தத் தாயின் உணவும் உடையும் முறைப்படி தந்தையின் கடமை. எந்த ஆத்மாவும் தன் சக்திக்கு மேல் சிரமப்படுத்தப்படாது. பிள்ளையைக் காரணம் காட்டித் தாயைத் துன்புறுத்தக் கூடாது. தந்தையையும் துன்புறுத்தக் கூடாது. பால்குடியை நிறுத்துவதென்றால் இருவரும் மனமொத்து, ஆலோசனை செய்து நிறுத்தினால் குற்றமில்லை.

பால் கொடுப்பவள் தாய். அவளைத் தாங்க வேண்டியவன் தந்தை. பால் குறைந்தால் முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டியவன் கணவன். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, மனம் நிம்மதியாக இருக்கிறதா?

பிள்ளையைக் காரணம் காட்டித் தாயைத் துன்புறுத்துவது என்றால் அடிப்பது மட்டும்தானா? "ராசியில்லாதவள்", "மாரு இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொல்வதும் அந்தத் துன்புறுத்தல்தான். பச்சை உடம்போடு இருப்பவளின் காதில் விழும் ஒவ்வொரு வார்த்தைக்கும் கணக்கு உண்டு.

உங்களுக்குச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளக் கூடாது. என் மூத்த மகள் பிறந்தபோது என் வீட்டிலும் இதே நிலை. மதரஸாவில் தஃப்ஸீர் பாடத்தில் இந்த வசனத்தை வரி வரியாக ஓதியவன் நான். ஆனாலும் ஒரு நள்ளிரவு, பிள்ளை அழுகை நிற்காதபோது, "பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கெல்லாம் எப்படி முடியுது?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். பல வருடங்கள் கழித்து மன்னிப்புக் கேட்டேன். மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் நான் சொன்ன வார்த்தை ஒன்றுகூட மாறாமல் அவருக்கு நினைவிருந்தது.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் எப்படி இருந்தார்கள்? தொழுகையை நீட்ட நினைத்துத் தொடங்குவார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அந்தத் தாயின் மனம் என்ன பாடுபடும் என்பதை அறிந்து தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வருகிறது. பிள்ளை அழும்போது தாயின் மனதை நினைப்பது சுன்னத்.

முயற்சியும் இபாதத்தான்

ஓதிப் பார்ப்பது கூடும். கண்ணேறும் உண்மை. ஆனால் தண்ணீர் ஓதிக் கொடுத்ததோடு நம் கடமை முடிந்துவிடாது. மருத்துவர்கள் சொல்வதில் சிலவற்றை ஆண்களாகிய நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் சொற்பமாக, கெட்டியாக வருவது சீம்பால். குழந்தையின் வயிறும் அப்போது மிகச் சிறியது. அந்தச் சொற்பமே அதற்குப் போதும். "பால் வரல" என்று சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரைத் தண்ணீர், சேனை, தேன் என்று கொடுக்காதீர்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. பேரீச்சம்பழத்தால் தஹ்னீக் செய்வது சுன்னத். அது நாவில் தடவும் அளவுதான், தாய்ப்பாலுக்குப் பதில் அல்ல.

பால் கிணற்று நீர் மாதிரி. இறைக்க இறைக்கத்தான் ஊறும். இரவு பகலாக எட்டு முதல் பன்னிரண்டு முறை குழந்தை சப்ப வேண்டும். காம்பை மட்டும் பிடிக்காமல் கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கிறதா என்று ஒரு நர்ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் கோளாறு பாலில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது. அவசரப்பட்டுப் புட்டிப்பாலைக் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும். சப்புவது குறைந்தால் ஊறுவதும் குறையும். வலி, பயம், மனக்கவலை இருந்தால் உள்ளே இருக்கும் பாலும் இறங்கி வரத் தயங்கும். மாமியார் பேசும் பேச்சு மருமகளின் மாரில் பாலை நிறுத்தும் என்பது வெறும் பேச்சல்ல.

குழந்தை அழுவதாலேயே பால் போதவில்லை என்று ஆகிவிடாது. ஒரு வாரம் ஆன குழந்தை நாளைக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழித்தால், பிறந்த எடையை ஏறக்குறைய இரண்டு வாரத்தில் திரும்ப எட்டினால், பெரும்பாலும் போதுமான பால் கிடைக்கிறது. சிறுநீர் குறைந்தாலும், பால் குடிக்க எழாமல் சோர்ந்து தூங்கினாலும், மஞ்சள் கூடினாலும் நேரம் கடத்தாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் நல்ல உணவுதான், கொடுங்கள். ஆனால் சிலருக்கு உண்மையிலேயே பால் குறையும். தைராய்டு கோளாறு இருக்கலாம். பிரசவத்தில் அதிக இரத்தம் போயிருக்கலாம். நஞ்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். அதை அவளுடைய குற்றமாக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

முயன்றும் போதவில்லை என்றால்?

அப்போதும் மார்க்கம் கதவை அடைக்கவில்லை. அத்தலாக் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தில், தாய் பாலூட்டுவது சிரமமானால் வேறொரு பெண் பாலூட்டலாம் என்று அல்லாஹ் வழி காட்டுகிறான். அக்காவோ சின்னம்மாவோ கொடுக்க முன்வந்தால் கூடும். ஆனால் பால் உறவு உண்டாகும் என்பதை மறக்காதீர்கள். ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை குடித்தால். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவு குடித்தாலும். அவள் பிள்ளைகள் உங்கள் பிள்ளைக்குச் சகோதர சகோதரிகள் ஆகிவிடுவார்கள். நாளை அவர்களுக்குள் நிகாஹ் கூடாது. யார், எப்போது, எத்தனை முறை என்று ஒரு டைரியில் எழுதி இரண்டு வீட்டிலும் வையுங்கள்.

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கொடுத்த தாய் யாரென்று தெரியாமல் உறவு கலந்துவிடும் என்பதால் 1985ல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி கூடாது என்றது. யூசுஃப் அல்கர்ளாவி போன்றவர்கள் கூடும் என்றார்கள். குறைமாதக் குழந்தை, உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னால் நள்ளிரவானாலும் எனக்கோ உங்களுக்குத் தெரிந்த ஆலிமுக்கோ போன் செய்யுங்கள். உயிரைக் காப்பது முந்தியது. தயங்கிக்கொண்டு பிள்ளையை விட்டுவிடாதீர்கள்.

டாக்டர் பவுடர் பால் எழுதிக் கொடுத்தால் அதைக் கொடுப்பதில் பாவமில்லை, வெட்கமும் இல்லை. குழந்தைப் பால் பவுடரை விளம்பரம் செய்வதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. விளம்பரத்துக்கு மயங்கி வாங்குவது வேறு, மருத்துவர் சொல்லி வாங்குவது வேறு. கொதிக்க வைத்த தண்ணீர், சரியான அளவு. டின் விலை அதிகம் என்று தண்ணீரைக் கூட்டிக் கலக்காதீர்கள். அது பிள்ளையைப் பட்டினி போடுவது. கையில் காசு இல்லையென்றால் பள்ளிவாசலுக்கு வாருங்கள்.

ஜமாஅத்தின் கடமை

உமர் (ரலி) அவர்கள் ஆட்சியில், பால்குடி மறந்த குழந்தைகளுக்கு பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை இருந்தது. ஒரு இரவு மதீனாவுக்கு வணிகக் கூட்டம் வந்து தங்க, அவர்களும் அப்துர்ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை விடாமல் அழுதது. பிள்ளையைக் கவனி என்று அந்தத் தாயிடம் போய்ச் சொன்னார்கள். அழுகை நிற்கவில்லை. மறுபடியும் போனார்கள். கேட்பது கலீஃபா என்று அறியாத அந்தப் பெண், பால்குடி மறந்த பிள்ளைக்குத்தானே உமர் உதவித்தொகை தருகிறார், அதனால்தான் சீக்கிரமே மறக்கடிக்கிறேன் என்றாள்.

அன்று ஃபஜ்ர் தொழுகையில் உமர் (ரலி) அவர்கள் அழுத அழுகையில் அவர்கள் ஓதியது மக்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும் அறிவித்தார்கள்: யாரும் அவசரப்பட்டுப் பால்குடியை நிறுத்த வேண்டாம்; இனிமேல் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு.

காரணம் தெரிந்ததும் பழியைத் தாய் மீது போடவில்லை. தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டார்கள்.

நம் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்தில் வாடகை வீட்டில், துணைக்கு ஒரு ஆள் இல்லாமல் பிள்ளை பெற்றிருக்கும் பெண்கள் எத்தனை பேர்! கணவன் நைட் ஷிப்டில். தாய் வீடு வெளியூரில். பக்கத்து வீட்டில் ஒரு வேளைச் சோறு கொடுத்தால், பெரிய பிள்ளையை இரண்டு மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொண்டால், அவள் தூங்குவாள். அந்தத் தூக்கம் ஒரு பிள்ளைக்குப் பாலாகும். பாலூட்டும் தாய்மாருக்கு அங்கன்வாடியில் சத்துமாவு கிடைக்கிறது. கேட்டு வாங்கிக் கொடுங்கள். ரமலானில் பாலூட்டும் தாய்க்கு நோன்பில் அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கிறான். அவன் கொடுத்த சலுகையை நாம் பிடுங்க வேண்டாம்.

சகோதரியே, இதை நள்ளிரவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் வாசிக்கக்கூடும். பால் என்பது ரிஸ்க், கொடுப்பவன் அல்லாஹ். உங்களால் முடிந்ததைச் செய்கிறீர்கள், சக்திக்கு மேல் அவன் கேட்கவில்லை. பாதி உங்கள் பாலும் பாதி புட்டிப்பாலுமாக வளர்ந்தாலும் அந்தப் பிள்ளைக்குத் தாய் நீங்கள்தான். உங்கள் காலடியின் சிறப்பில் ஒன்றும் குறையாது.

அந்தத் தம்பி நேற்று மறுபடி வந்தார். பிள்ளையின் எடை கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். டாக்டர் சொன்னபடி ஒரு வேளை பவுடர் பாலும் கொடுக்கிறார்களாம். "ராத்திரி ஒரு முறை நான் எழுந்து பிள்ளைய தூக்கிக்கிறேன் ஹஜ்ரத். அவங்ககிட்ட மன்னிப்பும் கேட்டுட்டேன்" என்றார். என்னைப் போல அவர் வருடக்கணக்கில் தாமதிக்கவில்லை. நீங்களும் தாமதிக்காதீர்கள், இன்று வீட்டுக்குப் போனதும் கேளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் வீட்டுத் தாய்மார்களின் உடலுக்கு ஆரோக்கியத்தையும் மனதுக்கு நிம்மதியையும் தருவாயாக! எங்கள் பிள்ளைகளின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக! காயப்படுத்தும் வார்த்தைகளிலிருந்து எங்கள் நாவுகளைக் காப்பாயாக! பிள்ளை இல்லாதவர்களுக்கு ஸாலிஹான பிள்ளைகளைத் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.