மீதிச் சுமை யாருடையது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்புகளில் தென்னைகள் வேரோடு பெயர்ந்தும் நடுவில் முறிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. தோப்புக்குள் கால் வைக்க வழியில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்ததால் பல ஊர்களில் கரண்ட் வர வாரக்கணக்கானது. நெட்டைத் தென்னை நட்டால் காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். முப்பது நாற்பது ஆண்டு வளர்த்த மரம் ஒரே இரவில் போன வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: “மனச விட்டுடாதீங்கண்ணே, ஒவ்வொண்ணாப் பாத்துக்கலாம்.”

இந்தச் சொல் ஆறுதலா, கைகழுவலா? பெரும் துன்பத்தில் கிடப்பவரிடம் சின்னச் சின்னதாக நகரச் சொல்வது எப்போது அறமாகும்?

தென்னையை நம்பிய குடும்பத்துக்கு நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, தள்ளிப்போனால் இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. பிள்ளைகளின் ஃபீஸ், மளிகைக் கடை பாக்கி, நகைக்கடன் வட்டி எல்லாம் அடுத்த வெட்டைப் பார்த்தே சொல்லப்பட்ட தேதிகள். மரம் சாய்ந்ததும் வருமானம் நின்றது; தேதிகள் நிற்கவில்லை. ஆறாண்டு இடைவெளியை ஒரே மூச்சில் நினைத்துப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சடைக்கும். அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் உயிரை விட்ட விவசாயிகளும் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. முழுப் பாரத்தையும் ஒரே நாளில் பார்க்கும்படி ஆகிவிட்டவர்கள் அவர்கள்.

மீண்டு வந்தவர்கள் எதிலிருந்து தொடங்கினார்கள் என்று பார்த்தால், அது கன்று நடுவதிலிருந்து அல்ல, கிடந்த மரத்தை அப்புறப்படுத்துவதிலிருந்து. அதற்கு ஒரு கணக்கு இருந்தது. மக்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். அந்த வண்டு குருத்தைக் குடைந்துவிட்டால் புதிதாக நட்ட பிள்ளை பிழைப்பது அரிது. ஆகவே மரத்தை அறுத்து, துண்டு போட்டு, வேர்க்கட்டையைப் பெயர்த்து வெளியே தள்ளினால்தான் அடுத்த வேலைக்கு அர்த்தம். மெஷின் ரம்பத்துக்கும் ஜேசிபிக்கும் வாடகை கொடுக்க வழியில்லாமல், வந்த விலைக்கு மரத்தை அள்ளிக்கொண்டு போகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் மூன்றடிக்கு மூன்றடி குழி, அதில் கன்று, கன்றுகளுக்கு நடுவே உளுந்து அல்லது கடலை. உளுந்து எழுபது நாளில் கைக்கு வரும். ஆறாண்டுக் காத்திருப்பை எழுபது நாள் காத்திருப்புகளாக உடைத்தது அந்த ஊடுபயிர். நிழல் கட்டியிருந்த தோப்பில் நன்றாக வராத உளுந்து, மரம் போய் வெயில் விழுந்த மண்ணில் வந்தது. வருமானம் பழைய கணக்குக்கு ஈடாகாதுதான். ஆனாலும் மளிகைக் கடைக்காரரிடம் சொல்ல மறுபடி ஒரு தேதி கிடைத்தது. கிடைத்த சிறு பணத்தைவிட அந்தத் தேதி பெரிது என்றுதான் சொல்ல வேண்டும். வாக்குக் கொடுக்கக்கூடிய மனிதராக விவசாயியை அது மறுபடி நிறுத்தியது.

இப்படி அடுத்த தேதியை மட்டும் பார்ப்பது கண்ணை மூடிக்கொள்வதல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மொத்தக் கடன் எவ்வளவு என்று ஒருநாள்கூட எழுதிப் பார்க்காமல் அன்றன்றைக்குச் சமாளிப்பவர் தன்னையும் குடும்பத்தையும் ஏமாற்றுகிறார். முழுதும் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்தாக வேண்டும். வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து பார்த்தால் இன்னும் நல்லது. பார்த்தபின் அதைத் தினமும் எடுத்துப் பார்க்கத் தேவையில்லை.

சிறியதாக இருப்பதாலேயே ஓர் அடி நல்ல அடியாகிவிடாது. இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் ஊர்களில் குடும்பங்கள் மூழ்கியதும் சின்ன அடிகளால்தான். வளையலை மறு அடகு வைத்து இந்த வெள்ளிக்கிழமைத் தவணை, அந்த வட்டிக்கு அடுத்த குழு லோன், அதற்குக் கைமாற்று. ஒவ்வொன்றும் அன்றைக்குச் சிறியது, சமாளிக்கக்கூடியது, அன்றிரவு தூங்க விடுவது. மரத்தை அப்புறப்படுத்திய அடி நாளைய பாரத்தைக் குறைத்தது, மறு அடகு நாளைய பாரத்தைக் கூட்டியது. அளவு ஒன்றே, போகிற திசை வேறு. துன்பப்படுகிறவருக்கு நல்லது நினைக்கிறவர் “ஏதாவது செய்யுங்க” என்று சொல்லிவிட்டு நகரக் கூடாது. நாளைக்குப் பாரம் குறையுமா என்று கூடவே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சின்ன அடியின் பலத்துக்குக் குடிநோயிலிருந்து மீள்கிறவர்களிடம் இன்னொரு சாட்சி இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று தமிழ்நாட்டிலும் கூட்டங்கள் நடத்தும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில், ஆயுளுக்கும் தொடமாட்டேன் என்று சத்தியம் வாங்குவதில்லை. இன்றைய இருபத்து நான்கு மணி நேரம் குடிக்காமல் இருப்பதுதான் பேச்சு. பிள்ளை தலையில் அடித்துச் செய்த சத்தியம் சாயங்காலமே உடைந்து, உடைந்த வெட்கத்திலேயே மறுபடி குடித்தவர்களுக்கு, காப்பாற்றக்கூடிய சிறிய வாக்கு நேர்மையானது. ஆனால் அந்த ஒரு நாளை அவர் தனியாகக் கடப்பதில்லை. சாயங்காலம் போய் உட்கார ஓர் அறை இருக்கிறது, அதே நோயைக் கடந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள், தாங்க முடியாத ராத்திரியில் போன் போட ஒருவர் இருக்கிறார். அறையையும் ஆட்களையும் எடுத்துவிட்டு ‘இன்று ஒரு நாள்’ என்பதை மட்டும் உபதேசமாகக் கொடுத்தால் எத்தனை பேர் தாங்குவார்கள்?

இதுதான் விஷயத்தின் மையம். ஓர் அடி சிறியதாக இருக்க முடிவது, மீதிச் சுமையை வேறு யாரோ பிடித்துக்கொண்டிருப்பதால்தான். கடன் கொடுத்தவர் பொறுத்துக்கொண்டால்தான் உளுந்து விளையும்வரை காத்திருக்க முடியும். யாரும் பிடிக்காத இடத்தில் சின்ன அடி என்பதே கிடையாது. எல்லாப் பாரமும் அந்த ஒரு அடியில்தான் இறங்கும்.

கஜாவின்போது நடந்ததை இந்த அளவுகோலில் பார்க்க வேண்டும். விழுந்த தென்னைக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாய் என்று மரத்துக்கு 1,100 ரூபாயை அரசு அறிவித்தது. நல்ல மரம் ஆண்டுக்கு எண்பது, நூறு காய் தரும். காய் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குப் போனாலே ஒரு மரத்தின் ஓராண்டு வருமானம் அது. மீதி ஐந்தாறு ஆண்டுகள் விவசாயியின் தலையில். நிவாரணத்துக்கும் புனரமைப்புக்கும் மாநிலம் கேட்டது ஏறக்குறைய 15,000 கோடி. அந்த டிசம்பரில் மத்திய அரசு ஒதுக்கியது 1,146 கோடி. மறுபக்கம், ஓடு பறந்த வீட்டு வாசலில் குழுக் கடனின் வாரத் தவணை கேட்டு வசூல்காரர்கள் வந்து நிற்கிறார்கள் என்று பெண்கள் ஆட்சியர் அலுவலகங்களில் மனுக் கொடுத்தார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது அந்தக் கடனின் ஏற்பாடு. துன்பத்தில் ஒருவரையொருவர் தாங்கியிருக்க வேண்டிய பெண்களை அது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதபடி செய்தது. தன் பங்கைக் கொடுக்காதவர் கொடுக்கும் பொறுமை உபதேசம் அநீதி. அரசு சொன்னாலும் அநீதிதான், பணக்காரச் சொந்தக்காரர் சொன்னாலும் அநீதிதான்.

பாதிக்கப்பட்டவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது வேறு. இன்றைக்கு இந்த நாலு மரத்தை நகர்த்துவேன் என்று அவர் முடிவெடுத்தால் அது வீரம். முடியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் அது குற்றமில்லை. உட்கார்ந்திருக்கவும் மனிதருக்கு நாள் வேண்டும். அவர் எப்போது எழ வேண்டும் என்று வெளியிலிருந்து நாள் குறிக்கும் உரிமை, அவருடைய பாரத்தில் கை வைத்தவருக்கே கொஞ்சமாவது உண்டு.

காவிரிப் படுகையின் கரைக்கு இனியும் புயல் வரும். பாதிக்கப்பட்ட ஊரில் பயிர்க்கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இருக்கின்றன. ஆனால் விதி ஊர் வந்து சேர்வதற்குள் வசூல்காரர் வந்துவிடுகிறார். மாவட்டம் பேரிடர் பாதித்ததாக அறிவிக்கப்படும் அதே நாளில், குழுக் கடன் உட்பட எல்லாத் தவணையும் ஒரு வெள்ளாமைக் காலத்துக்காவது தானாக நிற்க வேண்டும். மரம் அறுக்கும் மெஷினை ஊராட்சி கூலியில்லாமல் கொடுக்க வேண்டும். இவற்றுக்கான உத்தரவை, ஓடு பறந்த வீட்டுப் பெண்கள் வரிசையில் நின்று மனுவாகக் கேட்கும்படி வைக்காதீர்கள். புயல் இல்லாத இந்த நாட்களிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள்.