பெயரும் பணிவும்

பொறி ஒன்றை இயக்கும் முறையை விளக்கும் ஏட்டைப் படிக்கும்போது, அதை எழுதியவர் யாரென்று நாம் கேட்பதில்லை. சொன்னபடி செய்கிறோம், விளக்கு எரிகிறது. எழுதியவரை அத்துடன் மறந்து விடுகிறோம். இந்த மறதி குற்றமாகுமா? அமெரிக்கக் கறுப்பின மக்களில் தோன்றிய இருவரின் வரலாற்றை வைத்து இதனைச் சிந்திப்போம்.

லூயிஸ் லாட்டிமர் 1848இல் பிறந்தவர். அவருடைய பெற்றோர் 1842இல் வர்ஜீனியாவின் அடிமைத்தளையிலிருந்து தப்பி வடக்கே வந்தவர்கள். காப்புரிமை வழக்கறிஞர் அலுவலகமொன்றில் எடுபிடியாகச் சேர்ந்த அவர், வரைவாளர்கள் வேலை செய்வதைக் கவனித்தே தொழிலைக் கற்று, தலைமை வரைவாளராக உயர்ந்தார். விளக்கின் கரியிழையைச் செய்யும் முறைக்கு 1882இல் காப்புரிமையும் பெற்றார். எடிசனின் மின்விளக்கு முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1890இல் வெளிவந்தது.

முகப்பில் அச்சான பெயருக்கு நிறமில்லை. ஆகவே வாசகர் அவர் சொல்லை நம்பினர். ஆறாண்டுகள் கழித்து, 1896இல், இரயிலில் இனவாரியாக இருக்கைகளைப் பிரிக்கும் சட்டம் செல்லும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சொல்லை நம்பி விளக்கேற்றியவரே, அத்தகைய சட்டமுள்ள மாநிலத்தில் அவர் அருகில் அமர மறுக்கலாம்! முகம் தெரியாதவரை மட்டும் கிடைக்கும் மதிப்பை நீதி என்பது எங்ஙனம்?

அதே வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி ஆய்வுக்கூடம் உள்ளது. 1958 வரை அங்கே கறுப்பினக் கணக்காளப் பெண்களுக்குத் தனி அலுவலகம் இருந்தது. 1960இல் செயற்கைக்கோளின் பாதையைக் கணிக்கும் ஆய்வறிக்கை ஒன்றில் கேத்தரின் ஜான்சனின் பெயர் ஆசிரியர் இருவருள் ஒன்றாக அச்சேறியது. அவர் பணிபுரிந்த பிரிவில் ஒரு பெண் அவ்வாறு பெயர் பெற்றது அதுவே முதன்முறை.

“பெயரில் என்ன இருக்கிறது? பணிவன்றோ அறிவுக்கு அழகு?” எனச் சிலர் வினவலாம். உண்மையே. எனினும், பணிவு எழுதியவர் தாமே விரும்பி மேற்கொள்ள வேண்டியது. பிறர் அதை அவர்மீது சுமத்தினால் அது பறிப்பாகும். மேலும், பெயரில் புகழோடு பொறுப்பும் இருக்கிறது. மின்கம்பியை இப்படித் தொடு, இப்படித் தொடாதே என எழுதுபவரிடம் வாசகரின் உயிரே அமானிதமாக ஒப்படைக்கப்படுகிறது. அந்தச் சுமையைத் தாங்க ஒருவரை நம்புகிறவர்கள், அவர் பெயரைச் சொல்ல மட்டும் தயங்கலாமா?

ஆகவே, நமக்கு வழிகாட்டும் ஏட்டைப் புரட்டும்போது முதற்பக்கத்தையும் சற்றுப் பார்ப்போமாக. அங்கே பெயர் இல்லையெனில், அதை மறைத்தது பணிவா, பறிப்பா என்று கேட்போமாக.