கடற்பயண ஓய்வும் திக்விரதமும்

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளில் வாழும் நம் சமணக் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு பேச்சு எழுந்து வருகிறது. பணி ஓய்வு பெற்ற பெற்றோரை உல்லாசக் கப்பலில் இரண்டு மூன்று நாள் அழைத்துச் செல்லப் பிள்ளைகள் விரும்புகின்றனர். “கப்பலில் ஜைன உணவே கிடைக்கிறது, பிறகென்ன தடை?” என்பது அவர்கள் கேள்வி. “கடலில் போவது நம் விரதத்திற்கு ஆகுமா?” என்பது முதியோர் தயக்கம். இவ்விரண்டுமே உண்மையான கேள்விக்குச் சற்று அப்பால் நிற்கின்றன என்று கருதுகிறோம்.

சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய பயணத்தை 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்னும் அக்கப்பல், 1990இல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் பணிக்கு வந்தது. 48,000 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவுடையது. அப்போது இருவகைப் பயணங்கள் அறிவிக்கப்பட்டன. ஒன்று விசாகப்பட்டினம், புதுச்சேரி சென்று திரும்புவது. மற்றொன்று எவ்வூருக்கும் செல்லாமல் ஆழ்கடல் வரை சென்று சென்னைக்கே மீள்வது. நம் ஆராய்ச்சிக்கு உரியது இந்த இரண்டாவதுதான். அதில் காண வேண்டிய தலமில்லை, முடிக்க வேண்டிய காரியமில்லை. காலையில் மேல்தளத்தில் சாய்வு நாற்காலி, நாற்புறமும் நீர், வேளைதோறும் விருந்து, மாலையில் ஆடலும் பாடலும். ஓய்வு ஒன்றே அதன் பயன்.

கடல் நமக்கு அயலானதன்று. சீவக சிந்தாமணியில் சீதத்தன் பொருளீட்டக் கலமேறிச் செல்கிறான். திருத்தக்கதேவர் அதனைக் குற்றமாகக் கூறவில்லை. 1893இல் சிகாகோவில் கூடிய சர்வசமயப் பேரவைக்கு ஆத்மாராம் ஆசாரியர் அழைக்கப்பட்டபோது, துறவியாகிய தாம் கடல் கடத்தலாகாது என்பதால், இல்லறத்தாரான வீர்சந்த் காந்தியை அனுப்பினார். அதற்காக அவர் தம் சமூகத்தாரிடமே எதிர்ப்பையும் சந்திக்க நேர்ந்தது. இன்று அவரை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். மயிலையில் கடலை ஒட்டி நேமிநாதர் ஆலயம் இருந்ததென்றும், கடல் உட்புகும் என அஞ்சியே திருவுருவத்தை மேல்சித்தாமூருக்கு எழுந்தருளச் செய்தனர் என்றும் நம் மரபு கூறும். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு ‘நேமிநாதம்’ எனப் பெயரிட்டது அப்பெருமானை எண்ணியே.

ஆகவே முதியோர் அஞ்சுவதுபோல் திக்விரதம் கடலை விலக்கும் விரதமன்று. ‘இத்திசையில் இதுவரை செல்வேன், இதற்கு மேல் செல்லேன்’ என்று இல்லறத்தான் தனக்குத்தானே வகுத்துக்கொள்ளும் எல்லை அது. சமந்தபத்ர ஆசாரியர் ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் இதனை விளக்குமிடத்து, எல்லைக்குறியாகக் கொள்ளத்தக்கவற்றுள் கடலையே முதலில் வைக்கிறார். ஆறு, காடு, மலை முதலியன பின்னரே வருகின்றன. அவர் மேலும் கூறும் நுட்பம் எண்ணத்தக்கது. எல்லைக்கு அப்பால் நுண்ணிய பாவமும் நிகழாதபடி அவன் தன்னை விலக்கிக்கொண்டமையால், அந்த எல்லைக்கு வெளியே அவனுடைய அணுவிரதங்கள் மகாவிரதத் தன்மையை எய்துகின்றன. அதாவது, கோட்டுக்கு இப்பால் இல்லறத்தானாக இருப்பவன், கோட்டுக்கு அப்பால் துறவிக்கு நிகராகிறான்.

உல்லாசக் கப்பலின் எல்லைக்கோடோ நேர்மாறானது. கரையிலிருந்து 12 கடல் மைல், ஏறத்தாழ 22 கிலோமீட்டர், வரையே ஒரு நாட்டின் ஆட்சிக்கடல். அதனைக் கடந்தபின் கரையில் கூடாதவை பலவும் கூடுபவை ஆகின்றன. சூதாட்ட அரங்கின் கதை இதுதான். 2022 ஜூனில் அக்கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோது இசைவு மறுக்கப்பட்டதற்குச் சூதாட்டம் பற்றி எழுந்த எதிர்ப்பே பெரிதும் காரணம். ஏழு வியசனங்களுள் சூது முதலாவது என்பதை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. கழிவின் கதையும் அதுவே. கப்பல்களால் நேரும் மாசினைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையின்படி, தனிக்காப்பு வழங்கப்பெறாத கடல்களில், 12 கடல் மைலுக்கு அப்பால் உணவுக் கழிவை அரைக்காமலே கொட்டலாம். ஓடும் கப்பலிலிருந்து சுத்திகரிக்காத சாக்கடை நீரையும் அளவறிந்து விடலாம். உண்ட தட்டைக் கழுவி அந்நீரையும் பருகும் வழக்கம் சமணருள் சிலரிடம் இன்றும் உண்டு. தட்டில் கிழங்கில்லை என்று மனநிறைவு கொள்பவர், அத்தட்டில் எஞ்சியது எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

“அவற்றை நாங்களா செய்கிறோம்? நாங்கள் நாற்காலியில் அமர்ந்து கடலைப் பார்க்கிறோம், அவ்வளவே” என்று இளைஞர் கூறலாம். உடல் அசையாதிருப்பது உண்மையே. ஆயினும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே என்பது நம் ஆகமம். நாம் அமர்ந்திருக்கும்போதும் நம்பொருட்டு எந்திரம் ஓடுகிறது, எண்ணெய் எரிகிறது. பயனின்றி நிலத்தை அகழ்தல், நீரை வீணாக்கல், தீ மூட்டல், வீணே திரிதல், பிறரைத் திரியச் செய்தல் ஆகியவற்றைப் பிரமாத சரியை என்று அநர்த்த தண்டத்துள் அடக்கினர் முன்னோர். போக ஊரில்லாத பயணத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

எனில் ஓய்வே கூடாதா? அவ்வாறு கூறுவோமாயின் அது கொடுமையாகும். முப்பது நாற்பது ஆண்டுகள் அலுவலகத்திலும் அடுக்களையிலும் தேய்ந்த பெற்றோருக்குப் பிள்ளைகள் ஓய்வு தர விரும்புவது அன்பின் செயல். அதனை ஆடம்பரம் என்று இகழ்வதில் நமக்கு உடன்பாடில்லை. ஓய்வு எனப்படுவது எது என்பதே நம் வினா. மனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக் களைப்பதைப் பொழுதுபோக்கு என்கிறோம். விருப்பும் வெறுப்பும் அடங்கி 48 நிமிடம் அமர்வதைச் சாமாயிகம் என்கிறோம். கப்பலின் மேல்தளத்தில் வைகறையில், மற்றவர் உறங்கும் வேளையில், அத்தகைய ஒரு முகூர்த்தம் ஒருவருக்கு வாய்க்கக்கூடும், மறுக்கவில்லை. பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் அது வாய்க்கும், மாநகரப் பேருந்துக் கட்டணத்தில்.

பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டறிந்தபின் போவதென்றே முடிவு செய்யும் குடும்பத்தார், சீட்டு வாங்குமுன் இரண்டைக் கேட்டறிவது நலம். எஞ்சிய உணவு என்னவாகிறது என்பது ஒன்று. மற்றொன்று, மாலை உணவு எத்தனை மணிக்கு என்பது. ‘ஜைன உணவு’ என்ற சொல் பெரும்பாலும் வெங்காயம், பூண்டு, கிழங்கு நீக்கியதையே குறிக்கிறது. இரவுண்ணாமையை அது உணர்த்துவதில்லை. சென்னையில் சூரியன் மறைவது ஜூனில் மாலை 6.35 மணியளவில், டிசம்பர் தொடக்கத்தில் 5.45க்கு முன்னரே.