கிரகணமும் கேமராவும்

கிரகணத்தைப் படம் பிடிப்பது கூடுமா எனச் சகோதரர்கள் வினவுகின்றனர். சூரியன் உயிர்ப்பிராணியன்று, அதன் படத்தில் தடையில்லை. 1871 டிசம்பர் 12-ல் முழுச் சூரிய கிரகணத்தை நீலகிரி தொட்டபெட்டாவில் டென்னன்ட் குழுவினர் படமெடுத்தனர்; சூரியனைச் சூழ்ந்த ஒளியை ஆராய அவை உதவின. அந்த அறிவு நாட்டத்தை நாம் குறை கூறோம்.

2019 டிசம்பர் 26 காலை, ஈரோடு, கரூரில் சூரியன் வளையமாயிற்று. நம் சேலத்தில் பிறையாய்த் தேய்ந்தது. கைபேசிகள் உயர்ந்தன. தொழுகை ஸஃப்பில் எத்தனை பேர் நின்றோம்?

பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் பிடித்தது. அத்துயரிலும், எவர் மரணத்துக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை, அது இறைவனின் அத்தாட்சி என உணர்த்தித் தொழுகைக்கே அழைத்தார்கள்.

கிரகணம் விலகினால் அத்தொழுகையின் நேரம் முடிந்தது, களா இல்லை. படத்தைப் பிறரிடம் பெறலாம். ஸஜ்தாவைப் பெற முடியுமா?