நன்றியும் கால் எரிச்சலும்

'பக்க விளைவு' என்பது இங்கிலீஷிலிருந்து அப்படியே பெயர்த்து வைத்துக்கொண்ட சொல். பெயர்த்தவர் 'பக்கம்' என்பதைப் பற்றி அதிகம் யோசித்திருக்க மாட்டார். ஒரு மாத்திரைக்கு நடு என்றும் ஓரம் என்றும் கிடையாது. வயிற்றில் கரைந்து ரத்தத்தில் கலந்த பிறகு அது செய்கிற எல்லாமே அதன் விளைவுதான். எது நடு, எது பக்கம் என்று பிரிப்பது மருந்து அல்ல. மருந்தைத் தருகிறவரின் உத்தேசம். தாமஸ் அக்வினாஸ் 13-ஆம் நூற்றாண்டில் தற்காப்புக்காகக் கொல்வதைப் பற்றிப் பேசும்போது இந்தப் பிரிவினையைச் செய்தார்: ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்று உத்தேசித்தது, மற்றது உத்தேசத்துக்கு வெளியே நிகழ்வது, செயலின் தார்மிகத்தை முதலாவதை வைத்தே எடை போட வேண்டும். செய்கிறவனுடைய மனசாட்சிக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் விளைவை வாங்கிக்கொள்கிற உடம்பில் உத்தேசத்துக்கு என்று தனி இடம் எதுவும் இல்லை. உள்ளங்காலில் எரிவது உத்தேசித்து எரிகிறதா, உத்தேசிக்காமல் எரிகிறதா என்று கால் கேட்பதில்லை.

உள்ளங்கால் என்று நான் சொல்வது உருவகம் அல்ல. என் பெரியம்மா மகளின் கால்.

பிரம்மதேசத்தில் எங்கள் தெருவிலிருந்து மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. தை பிறந்து பாத்தி கட்ட ஆரம்பித்தால் ஐப்பசி மழை வந்து அளத்தை மூழ்கடிக்கும்வரை வேலை. இருட்டோடு போய், வெயில் ஏறி உப்பின் வெளுப்பு கண்ணைக் கூசவைக்கும் முன் முடிந்த அளவு வாரியாக வேண்டும். ஆண்கள் வாரிப் போடுவார்கள், பெண்கள் கூடையில் அம்பாரத்துக்குச் சுமப்பார்கள். கூடையிலிருந்து வடிகிற நீர் நெற்றி, கழுத்து, முதுகு என்று இறங்கிக் காலில் சேரும். காலோ ஏற்கெனவே அந்த நீரில்தான் நிற்கிறது. விரலிடுக்கில் வெடிப்பு, குதிகாலில் புண், அதன்மேல் மறுநாளும் உப்பு. அளத்தில் கால் எரியாதவர் என்று யாரும் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் செய்த தப்பு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

2005-இல் அக்காவுக்கு எச்.ஐ.வி. மருந்து ஆரம்பித்தார்கள். அவள் புருஷன் அதற்கு முந்தின வருஷம் செத்துப்போயிருந்தார். ஆஸ்பத்திரி ஊரிலிருந்து தூரம். திண்டிவனம் போய் அங்கிருந்து வேறு பஸ் மாற வேண்டும். மாசத்துக்கு ஒரு தரம், துணைக்கு நான். ஊரில் என் வேலை விஷயமாகப் போகிறோம் என்று சொல்லிவைத்திருந்தோம். அவளுடைய மாத்திரை டப்பா அரிசிப் பானைக்குள் இருந்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்று மூன்று மருந்துகள். நெவிரபினை முதல் இரண்டு வாரம் பாதி அளவில் கொடுத்துத் தோலில் தடிப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டு முழு அளவுக்குப் போனார்கள். தடிப்பு வரவில்லை. மூன்றே மாசத்தில் அக்கா எழுந்து உட்கார்ந்தாள், சமைத்தாள், அடுத்த தை மாசம் கூடை தூக்கினாள். செத்தவள் திரும்பி வந்தது போலத்தான் இருந்தது.

ஒரு வருஷம் கழித்து டாக்டர் கேட்டார். கேட்காமல் விட்டார் என்று சொல்ல முடியாது. "காலு மதமதப்பு, எரிச்சல் ஏதாவது இருக்குதாம்மா?"

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "அளத்து வேலை சார். அங்க எல்லாருக்கும் அப்படித்தான்."

நான் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதனால்தான் அது நல்ல பொய்யாக இருந்தது. டாக்டர் எழுதிக்கொண்டார். வெளியில் வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா, "எரியுதுன்னு சொன்னா மாத்திரைய நிறுத்திடுவாங்களோ தம்பி?" என்றாள். "அதான் சொல்லல. உசுரு குடுத்த மருந்தப் போயி குறை சொல்லாத" என்றேன்.

இந்த வாக்கியத்தைத்தான் இத்தனை வருஷங்களாக நான் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். உயிர் கொடுத்ததைக் குறை சொல்லக் கூடாது என்று எந்த தர்மம் சொல்கிறது?

அன்றைய நிலைமையையும் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்தத்தில். அதற்குப் பின் மருந்து இருந்தது, நமக்கு இல்லை. மேல்நாட்டு விலை ஒரு ஆளுக்கு வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-இல் சிப்லா கம்பெனி மூன்று மருந்தையும் சேர்த்து வருஷத்துக்கு 350 டாலருக்குத் தருவதாகச் சொன்னபோது உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் உப்புச் சுமக்கிறவளுக்கு 350 டாலரும் ஒன்றுதான், பத்தாயிரமும் ஒன்றுதான். 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் ஆரம்ப மையங்களில் ஒன்று. அதற்கு ஒரு வருஷம் முன்னால் பிடித்திருந்தால் அக்கா இல்லை. இப்படி ஒரு மயிரிழையில் கிடைத்ததை யார்தான் குறை சொல்வார்கள்?

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா' என்று நம்மிடம் ஒரு பழமொழி. வாங்குகிறவனுக்குச் சொன்ன புத்தி என்று இதை நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொடுக்கிறவனுக்கு வசதியான புத்தி இது. (எங்கள் ஊர்ப் பெயரே தானத்தில் பிறந்திருக்க வேண்டும் — பிரம்மதேயம், பிராமணர்களுக்கு விட்ட நிலம். அவர்கள் எல்லைக்கல்லைச் சரிபார்க்காமலா வாங்கியிருப்பார்கள்? பல்லைப் பார்க்காமல் வாங்கச் சொல்வது மற்றவர்களுக்குத்தான் போலிருக்கிறது.) தவிரவும் அரசு கொடுக்கிற மருந்து தானம் அல்ல. பாத்தியிலிருந்து லாரிவரை அந்த உப்பைத் தூக்கியவர்களுடைய பங்கும் அதில் இருக்கிறது. இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்று பஸ் ஸ்டாண்டில் வரவில்லை.

ஸ்டாவுடின் விஷயம் என்னவென்றால், கிருமி தன்னைப் படியெடுத்துக்கொள்ளப் பயன்படுத்தும் நொதியைத் தடுக்கிற அதே மருந்து, நம் உயிரணுக்களுக்குள் சக்தி உண்டாக்குகிற மைட்டோகாண்ட்ரியா தன்னைப் படியெடுத்துக்கொள்வதையும் தடுக்கிறது. இரண்டும் ஒரே வேலை, ஒரே சாமர்த்தியம். இதில் எது பக்கம்? உடம்பிலேயே நீளமான நரம்புகள் காலுக்குப் போகிறவை. முதலில் அவைதான் சாகின்றன. பிறகு கன்னத்துக் கொழுப்பு கரைகிறது, கை கால்களில் நரம்பு புடைக்கிறது. நோயை ஊருக்குத் தெரியாமல் அரிசிப் பானைக்குள் மறைக்கலாம். ஒட்டிய கன்னத்தை எங்கே மறைப்பது? நோய் காட்டிக்கொடுக்காததை மருந்து காட்டிக்கொடுத்தது. பணக்கார நாடுகளில் டாக்டர்கள் இதைக் கைவிட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில்தான் நமக்கு இது வந்தது, விலை மலிவு என்பதால். இதில் வில்லன் யாரும் இல்லை. செத்த உடம்பா, எரிகிற காலா என்று இரண்டே வழி இருந்தபோது எரிகிற காலைத் தேர்ந்தது சரிதான். இன்று கேட்டாலும் அதையே தேர்வேன். ஆனால் சரியான முடிவு எடுத்தாகிவிட்டது என்பதால் அந்தக் காலுக்கு நாம் பட்ட கடன் தீர்ந்துவிட்டதாக ஆகாது. அக்வினாஸின் கணக்கில் எனக்கு இடறுவது இந்த இடம்தான். உத்தேசத்துக்கு வெளியே நிகழ்ந்ததற்கு நான் குற்றவாளி அல்ல, சரி; நிகழ்ந்துகொண்டே இருப்பதைக் கேட்காமல் இருக்கும்போது?

கேட்பதற்கு வழியும் இருந்தது. உப்பு எரிச்சல் நல்ல தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவினால் அடங்கும். ஒரு வாரம் வேலைக்குப் போகாவிட்டால் புண் ஆறும். அக்காவுக்கு அடங்கவில்லை. இரண்டு காலும் ஒரே மாதிரி, விரல் நுனியிலிருந்து காலுறை போட்ட மாதிரி மேலே ஏறியது. பகலைவிட ராத்திரி அதிகம். போர்வை பட்டால்கூடத் துடித்தாள். கார்த்திகை மாசம், அளம் முழுக்க மழைத்தண்ணீர் நின்று, அவள் உப்பைத் தொட்டே பல வாரம் ஆகியிருந்தது. அப்போதும் எரிந்தது. அதைவிட என்ன சாட்சி வேண்டும்? திண்ணையில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறவன் என்று நான்கைச் சொல்கிறது. நான்காவது ஆள் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் யாரும் விளக்கியதில்லை. கஞ்சி வைத்துக் கொடுக்க என்று நினைத்திருந்தேன். நோயாளி சொல்லத் தயங்குவதை டாக்டருக்குச் சொல்ல வேண்டியவன் அவன்தான் போலிருக்கிறது. நான் எதிர்வேலை பார்த்தேன். அவள் வாயைத் திறக்கும் முன் என் வாய் திறந்தது.

மாசாமாசம் டப்பாவில் மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணுவார்கள். ஒழுங்காகத் தின்றாளா என்பதற்குக் கணக்கு உண்டு. எரிந்ததா என்பதற்கு அவள் வாய்ச்சொல் தவிர வேறு கணக்கு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் ஸ்டாவுடின் அளவைக் குறைக்கச் சொன்னதும், 2009-இல் அதைப் படிப்படியாக விட்டுவிடச் சொன்னதும் எங்கெங்கோ இருந்த நோயாளிகள் 'எரிகிறது' என்று சொன்னதால். அக்காவின் 'ஒண்ணுமில்லை' அந்தத் தராசின் மறுதட்டில் விழுந்திருக்கும். பொறுத்துக்கொள்வது தனிமனித குணம் என்று நினைக்கிறோம். இந்த மாதிரி விஷயத்தில் அது அடுத்தவளுக்கு எதிரான பொய்ச்சாட்சி. ஆனால் நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிற பெண்ணைத்தானே தலைமுறை தலைமுறையாகக் கும்பிட்டு வந்திருக்கின்றன.

2009-இல் ஒரு நாள் அளத்தில் கிளிஞ்சல் கிழித்து ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தாள். வெட்டியது அவளுக்குத் தெரியவே இல்லை. எரிச்சல் போய் மரத்துப்போயிருந்தது. நான் அதற்குள் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாசம் டாக்டரிடம் அவளே சொன்னாள். மருந்தை நிறுத்தவில்லை, மாற்றினார்கள். அவ்வளவுதான் விஷயம். நாலு வருஷம் பயந்தது இதற்குத்தான்.

அதன் பிறகுதான் இதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சொல்வதும் நிறுத்துவதும் வேறு வேறு. தானாக நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும்; சொன்னால் மாற்று உண்டு. காலெரிச்சலை ஆரம்பத்திலேயே சொன்னால் மருந்தை மாற்றி நரம்பில் மிச்சத்தைக் காப்பாற்றலாம். வலிக்கு அமிட்ரிப்டிலின் போன்றவை சின்ன அளவில் உண்டு. காசநோய்க்கு ஐசோனியாசிட் தின்கிறவர்களுக்கு அதுவும் காலை எரிக்கும் என்பதால் பி6 சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாற்றிய மருந்தும் சும்மா இருப்பதில்லை: சிடோவுடின் ரத்தத்தைக் குறைக்கும், டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்லும், எஃபாவிரென்ஸ் தலை சுற்றவைத்துக் கனவுகளைக் கூப்பிடும், அதனால் ராத்திரி வெறும் வயிற்றில். பெரும்பாலான தொந்தரவுகள் சில வாரத்தில் தணிகிறவை. ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாதவையும் உண்டு: காய்ச்சலோடு தடிப்பு, வாய்ப்புண், தோல் உரிதல், கண் மஞ்சளாவது, விடாத வாந்தியோடு மூச்சு வாங்குவது. இவ்வளவையும் ஒரு பஸ் பயணத்தில் கேட்டுவிடலாம்.

கால் திரும்பவில்லை. அளத்துக்குப் போவதை நிறுத்தினாள். தெரியாமல் வெட்டிக்கொள்கிற காலை உப்பில் வைக்க முடியாது. ராத்திரி படுக்கும் முன் விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள். மகன் செருப்புக்கு உள்ளே கல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துக் கொடுக்கிறான். இதற்காக அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

2020-ஐ ஒட்டிய வருஷங்களில் எல்லாருக்கும் போல அவளுக்கும் டொலுடெக்ராவிர் சேர்ந்த ஒற்றை மாத்திரை வந்தது. கிருமியை அடக்குவதில் இதற்கு நிகர் இல்லை என்கிறார்கள். சிலருக்கு எடை ஏறுகிறது. ஒட்டிப்போயிருந்த கன்னம் நிரம்பியபோது தெருவில், "ஆளு நல்லா ஆயிட்டியே" என்றார்கள். அக்கா சிரித்துக்கொண்டு எடை எத்தனை என்று அடுத்த முறை ஆஸ்பத்திரியில் கேட்டு எழுதிக்கொண்டாள்.

இப்போதும் துணைக்குப் போகிறேன், பழக்கத்தில். டாக்டர் புதிசு, சின்னப் பெண். போன முறை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு முடிக்கும் முன்னால் அக்கா ஆரம்பித்துவிட்டாள்: தூக்கம் வரவில்லை, ரெண்டு மாசமாக, மாத்திரை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடுகிறேன், நெஞ்செரிச்சலுக்குக் கடையில் வாங்கி ஒரு மாத்திரை போடுகிறேன், அதுவும் சேர்ந்துதானா. நெஞ்செரிச்சல் மாத்திரையைக் கூடவே போட்டால் இது ரத்தத்தில் ஏறாது, இதைப் போட்டு ரெண்டு மணி நேரம் கழித்து அதைப் போடுங்கள், இதைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்றும் கேட்டார்.

"நாலு மணிக்கு முழிப்பு வந்துரும்மா" என்றாள் அக்கா. "அளத்து வேலைக்குப் போன பழக்கம்."